இரண்டு நொடிக்குப் பிறகு என்ன? மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களின் வேகம், தூரம், விலை

ஜெர்மனியில் உள்ள நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃபே பந்தயப் பாதையில் ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர். வளைவும் ஏற்றமும் இறக்கமுமாக நீளும் அந்தப் பாதையில்தான் கார் தயாரிப்பாளர்கள் தங்கள் காரின் திறமையை உரசிப் பார்ப்பார்கள். அங்கே மூன்று மின்சார கார்கள் எடுத்துக்கொண்ட நேரம் இது. சீனாவின் ஷாவ்மி எஸ்யூ7 அல்ட்ரா 7 நிமிடம் 4.957 விநாடி. குரோஷியாவின் ரிமாக் நெவேரா 7 நிமிடம் 5.298 விநாடி. போர்ஷே டைகான் டர்போ ஜிடி 7 நிமிடம் 7.55 விநாடி. மூன்றுக்கும் நடுவே மூன்று விநாடிகூட வித்தியாசம் இல்லை.

இப்போது விலையைப் பாருங்கள். ஷாவ்மி கார் சீனாவில் 5,29,900 யுவானுக்கு விற்பனைக்கு வந்தது, டாலரில் சுமார் 73,000. அந்தச் சுற்றை ஓடியது கூடுதல் பணம் கட்டி வாங்கும் பந்தயப் பாகங்களோடு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டைகான் டர்போ ஜிடி அமெரிக்காவில் 2,30,000 டாலருக்கு வந்தது. நெவேரா 20 லட்சம் யூரோ. கிட்டத்தட்ட ஒரே வேகத்துக்கு முப்பது மடங்கு வரை விலை வித்தியாசம்.

பெட்ரோல் கார்களில் இப்படி நடப்பது அரிது. அங்கே பெரும்பாலும் விலை ஏற ஏற வேகமும் ஏறும், அந்த ஏணியில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரியும். மின்சாரம் அந்த ஏணியைக் கலைத்துவிட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் எண்களை மட்டும் வைத்து இந்தக் கார்களை ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம் என்று நான் நினைப்பது இதனால்தான். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிமீ வேகத்தைத் தொடும் 0-100 நேரம், ஒரு சார்ஜில் ஓடும் தூரம், விலை ஆகிய மூன்றும் எந்த நிலைமையில் அளக்கப்பட்டவை, அந்த நிலைமை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கேட்க வேண்டும். கார்களுக்கு நடுவே உள்ள உண்மையான வித்தியாசம் அப்போதுதான் வெளியே வரும்.

பாய்ச்சல் எப்படி மலிந்தது

2008-இல் டெஸ்லா ரோட்ஸ்டர் வந்தபோது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 96.6 கிமீ வேகத்தைத் தொட அதற்கு 4 விநாடிக்குச் சற்றுக் குறைவாகவே பிடித்தது. சுமார் 1 லட்சம் டாலர் விலையில் அது அன்று ஆச்சரியம். அடுத்த 13 ஆண்டுகளில், 2021-இல், டெஸ்லாவின் மாடல் எஸ் பிளெய்ட் அதே அளவீட்டில் 1.99 விநாடி என்று அறிவித்தது. ஐந்து பேர் உட்காரும் செடான் அது. மூன்று மோட்டார், 1,020 குதிரைத்திறன், அறிமுக விலை 1,29,990 டாலர்.

இந்த 1.99-க்குள் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்காவின் நேர்கோட்டு ஓட்டமான டிராக் பந்தய வழக்கப்படி, கார் முதல் ஒரு அடி உருண்ட பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். நேரத்தில் சுமார் கால் விநாடி இதனால் குறையும். நான்கு விநாடி எடுக்கும் காருக்கு அது பெரிய விஷயமில்லை. இரண்டு விநாடி எடுக்கும் காருக்கு எட்டில் ஒரு பங்கு. ஒரு நிறுவனம் அந்த ஒரு அடியைக் கழித்துச் சொல்லும், இன்னொன்று கழிக்காமல் சொல்லும். ஒன்று 60 மைலுக்கு அளக்கும், மற்றது 100 கிமீக்கு அளக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து 'இதுதான் வேகம்' என்று தீர்ப்புச் சொல்பவர்கள் அளவுகோல் வேறு வேறு என்பதைப் பார்ப்பதே இல்லை.

சரி, அளவுகோலைச் சரிசெய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த எண் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அந்தச் சுவர் டயர். சாலையை நல்ல டயர் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் காரை முன்னே தள்ள முடியும். புவியீர்ப்பைப் போல 1.2 மடங்கு முடுக்கத்தை டயர் தாங்கும் என்று எடுத்துக்கொண்டால் 100 கிமீ வேகத்தைத் தொட சுமார் 2.4 விநாடி ஆகும். 2,300 கிலோ எடையுள்ள காரை அந்த முடுக்கத்தில் 100 கிமீ வரை கொண்டுபோக, உச்சத்தில் தேவைப்படும் திறன் ஏறக்குறைய 750 கிலோவாட், அதாவது சுமார் 1,000 குதிரைத்திறன். அதற்கு மேல் எவ்வளவு திறன் இருந்தாலும் 100 கிமீ வேகத்தைத் தொடும் வரை அது டயரைச் சுழற்றுமே தவிர காரைத் தள்ளாது. இன்னும் ஒட்டும் டயரும், பிடிப்பான தார்ப்பரப்பும் இருந்தால் நேரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

1,000 குதிரைத்திறன் என்பது இன்று மின்சாரக் காரில் எளிதாகக் கிடைக்கிற சரக்கு. பெட்ரோல் எஞ்சினில் அதே திறனைப் பெற சிலிண்டர்கள், டர்போக்கள், கியர்பாக்ஸ் எல்லாம் பெரிதாக வேண்டும், ஒவ்வொன்றும் விலை ஏறும். மோட்டாரில் அப்படியில்லை. உள்ளங்கையில் தூக்கக்கூடியது இல்லைதான், ஆனால் ஒரு ஆள் தூக்கிவிடக்கூடிய அளவு மோட்டார் பல நூறு குதிரைத்திறன் தரும். நின்ற இடத்திலேயே முழு இழுவிசையும் கிடைத்துவிடும். அதனால்தான் 70,000 டாலர் காரும் 20 லட்சம் யூரோ காரும் முதல் இரண்டு விநாடியில் ஒன்றுபோல் தெரிகின்றன.

பிரிவு அதற்கு அப்புறம்தான் தெரியும். பந்தயப் பாகங்களோடு வரும் டைகான் டர்போ ஜிடி 100 கிமீயைத் தொட 2.2 விநாடி எடுக்கிறது. நெவேரா 2023-இல் நடத்திய சோதனையில் 1.81 விநாடி. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். 200 கிமீக்கு டைகான் 6.4 விநாடி, நெவேரா 4.42. இங்கே இடைவெளி இரண்டு விநாடி. நெவேரா 300 கிமீயை 9.22 விநாடியில் தொட்டு, 2022-இல் எட்டிய 412 கிமீ வரை போகும். அதன் 1,914 குதிரைத்திறனுக்கு முழு வேலை கிடைப்பதே 100 கிமீக்கு மேல்தான். ஆனால் அந்த வேகத்தில் ஓட்ட இடம் உள்ளவர்கள் உலகத்தில் மிகச் சிலர்.

இதில் இன்னொரு விஷயம் எனக்குப் பிடிக்கும். இப்படி ஒரு பாய்ச்சல் பேட்டரியை அதிகம் தின்பதில்லை. 2,300 கிலோ காரை 100 கிமீ வேகத்துக்குக் கொண்டுபோகத் தேவையான ஆற்றல் கணக்குப்படி கால் யூனிட்தான், அதாவது 0.25 கிலோவாட் மணி. பிரேக் பிடிக்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பியும் வந்துவிடும். பேட்டரியைக் காலி செய்வது பாய்ச்சல் இல்லை, அதற்குப் பிறகு அந்த வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது. இது நம்மைத் தூரக் கணக்குக்குக் கொண்டு வருகிறது.

ஒரே கார், வேறு வேறு தூரம்

2019-இல் வந்த முதல் டைகான் டர்போ எஸ் காருக்கு ஒரு சார்ஜ் தூரத்தை அளக்கும் ஐரோப்பிய முறையான டபிள்யூஎல்டிபி கொடுத்த தூரம் 412 கிமீ வரை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ அதே காருக்குக் கொடுத்தது 192 மைல், அதாவது 309 கிமீ. கார் மாறவில்லை, பேட்டரி மாறவில்லை. அளந்த விதம் மட்டும் மாறியது, 100 கிமீ காணாமல் போய்விட்டது.

இந்த அளவீடுகள் உண்மையான சாலையில் நடப்பதில்லை. உருளைகளின் மேல் காரை நிறுத்தி, முன்கூட்டியே எழுதிவைத்த வேகப் பட்டியல்படி ஓட்டுவார்கள். டபிள்யூஎல்டிபி பட்டியலில் சராசரி வேகம் சுமார் 46 கிமீ, உச்ச வேகம் 131 கிமீ. சீனாவின் அளவீட்டு முறையான சிஎல்டிசி இன்னும் நிதானமானது. சராசரி 29 கிமீ, உச்சம் 114. நகர நெரிசலுக்கு அது பொருந்தும், மின்சாரக் காருக்கு அங்கே நல்ல மதிப்பெண்ணும் கிடைக்கும். இபிஏ முறையில் நகர ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் இரண்டையும் அளந்த பிறகு, நிஜ வாழ்க்கைக்கு ஈடு செய்ய அந்த எண்ணை வழக்கமாக 0.7-ஆல் பெருக்குவார்கள். நிறுவனம் விரும்பினால் குளிர், வெப்பம், அதிவேகம் எல்லாம் சேர்த்த ஐந்து ஓட்டச் சோதனை செய்து, 0.7-க்குப் பதிலாகத் தனக்கென்று ஒரு பெருக்கெண் பெறலாம். ஆகவே இபிஏ எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதிலும் சற்றுக் கவனம் வேண்டும். போர்ஷே அடக்கி வாசிக்கும் வழக்கம் உள்ள நிறுவனம். டைகானை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்த பலருக்கும் இபிஏ சொன்னதைவிடக் கூடுதல் தூரம் கிடைத்தது.

எஸ்யூ7 அல்ட்ராவின் 630 கிமீ சிஎல்டிசி எண்ணையும் மாடல் எஸ் பிளெய்ட் வந்தபோது பெற்ற 637 கிமீ இபிஏ எண்ணையும் சமமாக நினைத்துவிடக் கூடாது. தாளில் 7 கிமீ வித்தியாசம். சாலையில் அது மிகப் பெரிதாக விரியும்.

அந்த 637 கிமீக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அது 19 அங்குலச் சக்கரத்தோடு. பலரும் அழகுக்காக வாங்கும் 21 அங்குலச் சக்கரம் போட்டால் 348 மைல், அதாவது 560 கிமீதான். அமெரிக்க நிறுவனமான லூசிட்டின் ஏர் ட்ரீம் எடிஷன் 2021-இல் 520 மைல், 837 கிமீ என்று இபிஏ சான்று பெற்று எல்லோரையும் வியக்க வைத்தது. அதே காருக்கு 21 அங்குலச் சக்கரம் போட்டால் 481 மைல். சக்கரத்தை மாற்றினாலே 60 கிமீக்கு மேல் போய்விடுகிறது. பெரிய சக்கரம் கனம், அகல டயர் சாலையில் அதிகம் உராயும், ஆரக்கால்களுக்கு நடுவே காற்று சுழலும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் முதலில் தேர்ந்தெடுப்பதும் இந்தச் சக்கரங்களையே.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வேகம். காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. டைகான் அளவுள்ள, காற்றை நன்றாகக் கிழிக்கிற ஒரு காருக்கு நானே ஒரு உத்தேசக் கணக்குப் போட்டேன். பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 97 யூனிட் என்று வைத்துக்கொண்டேன், இன்றைய டைகானின் பெரிய பேட்டரி அவ்வளவுதான். சமதளத்தில், காற்றில்லாத மிதமான நாளில் 100 கிமீ வேகத்தில் போனால் 650 கிமீ வரை வரும். 130-இல் போனால் 480-ஐ ஒட்டி. 200-இல் போனால் 260. வேகம் இரண்டு மடங்கானதும் தூரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

பெட்ரோல் காருக்கும் இதே காற்றுதான். ஆனால் பெட்ரோல் எஞ்சின் மெதுவாகப் போகும்போதே எரிபொருளில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கிவிடுவதால், வேகமாகப் போகும்போது ஏறும் செலவு அவ்வளவாக உறைக்காது. மின்சாரக் கார் வீணாக்குவது குறைவு என்பதால் காற்று கேட்கும் ஒவ்வொரு யூனிட்டும் அப்படியே கணக்கில் தெரியும்.

இந்த இடத்தில் லூசிட் செய்திருப்பதை நான் மனமாரப் பாராட்டுவேன். டெஸ்லா மாடல் எஸ் காரின் தலைமைப் பொறியாளராக இருந்த பீட்டர் ராலின்சன்தான் லூசிட் ஏரை உருவாக்கிய குழுவை நடத்தியவர். கார் காற்றை எவ்வளவு எளிதாகக் கிழிக்கிறது என்று காட்டும் காற்றுத் தடைக் குணகம் ஏருக்கு 0.197, குறையக் குறைய நல்லது. மோட்டாரும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் சிறியவை, வீணாக்குவது மிகக் குறைவு. அதனால் 1,234 குதிரைத்திறன் கொண்ட ஏர் சஃபையர்கூட 118 யூனிட் பேட்டரியில் 427 மைல், 687 கிமீ இபிஏ தூரம் காட்டுகிறது. 60 மைல் வேகத்தைத் தொட 1.89 விநாடி. அறிமுக விலை 2,49,000 டாலர். இவ்வளவு திறனையும் இவ்வளவு தூரத்தையும் ஒரே உடலில் சேர்ப்பது சாதாரண காரியம் இல்லை. பெரிய பேட்டரியைத் திணித்துத் தூரம் காட்டுவது யாராலும் முடியும். ஒவ்வொரு யூனிட்டையும் கூடுதல் தூரம் ஓட வைப்பதே உண்மையான பொறியியல்.

சூடு

விளம்பரத்தில் எங்கும் எழுதாத எண் ஒன்று உண்டு. இதே வேலையை மறுபடி செய்யச் சொன்னால் கார் செய்யுமா? பத்தாவது முறை? இருபதாவது முறை? என்னைக் கேட்டால் விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பேட்டரியிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சும்போது அதன் உள்தடை வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாக ஏறும். இரண்டு மடங்கு மின்னோட்டம் எடுத்தால் நான்கு மடங்கு சூடு. மோட்டாரின் சுருள்களிலும் இன்வெர்ட்டரிலும் இதே கதை. ஒரு எல்லை தாண்டினால் காரின் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திறனைக் குறைத்துவிடும். காலை முழுதாக அழுத்திய ஓட்டுநருக்கு, காருக்குத் திடீரென்று மூச்சு வாங்குவது போலத் தோன்றும். சார்ஜ் இறங்க இறங்க பேட்டரியின் மின்னழுத்தமும் இறங்கும் என்பதால், 90 சதவீதத்தில் கிடைத்த பாய்ச்சல் 30 சதவீதத்தில் கிடைக்காது. வெளியிடப்படும் நேரங்கள் எல்லாம் நிறைந்த பேட்டரி, சரியான சூடு, புது டயர் என்ற நிலையில் எடுத்தவை. பிளெய்ட் காரில் டிராக் ஸ்ட்ரிப் என்று தனியாக ஒரு நிலையே இருக்கிறது. பேட்டரியையும் மோட்டாரையும் உகந்த வெப்பநிலைக்குக் கொண்டுவரச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டு அதற்கப்புறம்தான் முழுப் பாய்ச்சலுக்கு அது தயாராகும்.

டைகானை உலகுக்குக் காட்டும் முன், 2019-இல் போர்ஷே செய்த இரண்டு சோதனைகள் இந்த வகையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. முதலாவதில், ஒரு விமானதளத்தில் அடுத்தடுத்து 26 முறை 0-200 கிமீ பாய்ந்தார்கள். சராசரி 10 விநாடிக்குள். வேகமான முறைக்கும் மெதுவான முறைக்கும் வித்தியாசம் 0.8 விநாடி மட்டும். இரண்டாவது, இத்தாலியின் நார்தோ வட்டப் பாதையில் 24 மணி நேர ஓட்டம். 195 முதல் 215 கிமீ வேகத்தில் ஓடி, நின்று சார்ஜ் செய்து, மறுபடி ஓடி மொத்தம் 3,425 கிமீ. நின்ற நேரத்தையும் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 143 கிமீ வருகிறது. ஒரு விநாடிப் பாய்ச்சலைப் பற்றி ஆயிரம் பேர் பேசலாம், இந்த 143 காரைப் பற்றிச் சொல்வது அதைவிட அதிகம். ஓட்டமும் குளிர்விப்பும் சார்ஜும் சேர்ந்த எண் அது.

இதற்காகப் போர்ஷே கொடுத்த விலையும் உண்டு. அப்போது பெரும்பாலான மின்சாரக் கார்கள் 400 வோல்ட்டில் ஓடின. டைகான் 800 வோல்ட்டுக்குப் போனது. ஒரே திறனுக்கு மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டம் பாதியாகும், அதே தடிமனான கேபிளில் சூடு கால் பங்காகும். இதனால் மெல்லிய கேபிள் போதும், வேகமாகச் சார்ஜும் ஏற்றலாம். முதல் டைகான் 270 கிலோவாட் வரை ஏற்றியது. 2024-இல் மேம்படுத்தியது 320 கிலோவாட் வரை, 10-இலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடம். லூசிட் 900 வோல்ட்டுக்கும் மேலே போனது.

பின் அச்சில் இரண்டு கியர் வைத்ததும் இதே சிந்தனைதான். மின்மோட்டாருக்குக் கியர் தேவையில்லை என்று எல்லோரும் சொன்ன காலம் அது. போர்ஷே பாய்ச்சலுக்கு ஒரு கியர், அதிவேகத்துக்கு ஒரு கியர் வைத்தது. டெஸ்லா வேறு வழி கண்டது. பிளெய்ட் மோட்டாரின் சுழலும் பகுதியைக் கார்பன் இழை உறையால் இறுக்கிக் கட்டி, மிக அதிகச் சுழற்சியிலும் சிதறாமல் வைத்தது. அதனால் ஒரே கியரிலேயே உச்ச வேகம் வரை திறன் குறையாமல் வருகிறது. இரண்டும் நல்ல விடைகள். எடையிலும் சிக்கலிலும் டெஸ்லாவின் வழி சிக்கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

பந்தயப் பாதைக்குப் போகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். சராசரியாக 250 கிலோவாட் உறிஞ்சும்படி ஓட்டினால் 97 யூனிட் பேட்டரி 23 நிமிடத்தில் காலி. பக்கத்திலேயே 320 கிலோவாட் சார்ஜர் இருந்தால், ஓட்டிய நேரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான நேரம் சார்ஜில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய பொழுது முடிந்தது.

எடை

பேட்டரி முன்னேறியிருக்கிறது, சந்தேகமில்லை. 2008 ரோட்ஸ்டரின் 53 யூனிட் பேட்டரி 450 கிலோ. ஒரு கிலோவுக்கு சுமார் 118 வாட் மணி. 2024 டைகானின் 105 யூனிட் பேட்டரி 625 கிலோ. ஒரு கிலோவுக்கு 168. பதினாறு ஆண்டில் 40 சதவீதத்துக்கு மேல் உயர்வு. ஆனால் ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000 வாட் மணி வெப்பம் இருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால்வாசியை வீணாக்கினாலும் மீதி 3,000. பெட்ரோல் குறையக் குறைய எடையும் குறையும், பேட்டரி காலியானாலும் அதே எடை.

போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ், பெட்ரோல் கார், அதே நூர்பர்க்ரிங் 20.8 கிமீயை 6 நிமிடம் 49.328 விநாடியில் சுற்றியது. திறன் 525 குதிரைத்திறன். எடை 1,450 கிலோ. டைகான் டர்போ ஜிடியின் திறன் 1,034 குதிரைத்திறன், எடை 2,220 கிலோ. அதுவும் எடையைக் குறைக்கப் பின் இருக்கைகளையே எடுத்துவிட்ட வடிவம். ஏறக்குறைய இரண்டு மடங்கு திறன் இருந்தும் டைகான் 18 விநாடி பின்தங்கியது. ஒரே நிறுவனம், ஒரே பாதை. நேர்கோட்டில் மின்சாரம் எளிதாக வெல்லும். வளைவில் டயரும் பிரேக்கும் சுமக்க வேண்டிய 770 கிலோ கூடுதல் எடைக்கு மோட்டாரிடம் பதில் இல்லை.

எடையோடு இடமும் சேர்ந்த பிரச்சினை இது. பேட்டரியைத் தரையில் பரப்பினால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து வரும், அது நல்லது. ஆனால் ஓட்டுநர் அந்தப் பேட்டரிக்கு மேல் உட்கார வேண்டும், கூரை உயர வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் தரையோடு தரையாக உட்காருவது ஒரு சுகம், அது போய்விடும். டைகானில் பின்னால் உட்காருகிறவர்களின் பாதத்துக்காகப் பேட்டரியில் பள்ளம் விட்டிருக்கிறார்கள். நெவேராவில் பேட்டரி ஆங்கில எச் எழுத்தின் வடிவத்தில் நடுப்பகுதியிலும் இருக்கைகளுக்குப் பின்னாலும் போகிறது. மஸராட்டி கிரான்டூரிஸ்மோ ஃபோல்கோரே ஆங்கில T எழுத்தின் வடிவத்தில் பேட்டரி வைத்தது. அதனால் பெட்ரோல் வடிவத்தின் அழகான தாழ்ந்த உருவம் அப்படியே நிற்கிறது. இந்த மூன்றில் மஸராட்டியின் தோற்றம்தான் என் மனதுக்கு நெருக்கம்.

விலைப்பட்டியலில் வராத விலை

வாங்கிய விலை ஒன்று, நாளைக்கு அந்தக் கார் என்ன மதிப்பு என்பது வேறொன்று. பிளெய்ட் 2021-இல் 1,29,990 டாலரில் வந்தது. 2023 செப்டம்பரில் புதுக் காரின் விலையையே 89,990 டாலராகக் குறைத்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் வாங்கியவரின் காருக்கு அன்று காலையில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

போர்ஷே அப்படி விலையை வெட்டவில்லை. ஆனால் தொழில்நுட்பமே அந்த வேலையைச் செய்தது. 2019-இன் மிக உயர்ந்த டைகான், 1,85,000 டாலர் டர்போ எஸ், டபிள்யூஎல்டிபி அளவில் 412 கிமீ. 2024-இன் அடிப்படை டைகான் பெரிய பேட்டரியோடு 678 கிமீ வரை. ஐந்தே ஆண்டில் கீழ்ப்படியில் இருக்கும் கார் பழைய மேல்படிக் காரைத் தூரத்தில் மிஞ்சிவிட்டால், பழையதை வாங்க வருகிறவர் நிச்சயம் பேரம் பேசுவார். பழைய டைகான்களின் மறுவிற்பனை விலை வேகமாகச் சரிந்தது இதனாலும்தான். புதுக் கார் விற்பனையும் ஆட்டம் கண்டது. 2023-இல் 40,629 டைகான் கொடுத்த போர்ஷே 2024-இல் 20,836 மட்டுமே கொடுத்தது. பழைய டைகானை இப்போது வாங்குகிறவருக்கு இது அருமையான வாய்ப்பு என்பதையும் சொல்ல வேண்டும். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிமீ உத்தரவாதம் உண்டு. மீதி எவ்வளவு காலம் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மென்பொருள் இன்னொரு பக்கம். 2025-இல் ஷாவ்மி, எஸ்யூ7 அல்ட்ராவுக்கு ஒரு மென்பொருள் புதுப்பிப்பு அனுப்பியது. அதன்படி 1,548 குதிரைத்திறனில் சுமார் 900 மட்டுமே சாதாரணமாகக் கிடைக்கும். முழுத் திறனும் வேண்டுமென்றால் குறிப்பிட்ட பந்தயப் பாதையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துக் காட்ட வேண்டும். உரிமையாளர்கள் கொதித்துப் போனார்கள், நிறுவனம் அதை நிறுத்தி வைத்தது. பாதுகாப்புக்கு அந்த யோசனை நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பணம் கட்டி வாங்கிய திறன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அன்று வீதிக்கு வந்தது.

மேல்தட்டில் நிலைமை வேறு. நெவேரா 150 கார்களுக்கு மட்டும் திட்டமிடப்பட்டது. இத்தனை சாதனைகள் செய்தும் இந்த விலையில் மின்சாரக் கார்களுக்கு எதிர்பார்த்த ஆர்வம் இல்லை என்று ரிமாக் நிறுவனர் மேட் ரிமாக் 2024-இல் வெளிப்படையாகவே சொன்னார். அவர் தலைமையில் இயங்கும் புகாட்டி அதே ஆண்டு அறிவித்த டூர்பியான், 16 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த கலவை. உலகின் மிக வேகமான மின்சாரக் கார்களில் ஒன்றைச் செய்த மனிதரே அந்த முடிவை எடுத்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கோடிகள் கொடுத்து வாங்குகிறவர் வேறு யாரிடமும் இல்லாத ஒன்றைக் கேட்கிறார். இரண்டு விநாடிப் பாய்ச்சல் இப்போது குடும்பக் காரிலும் இருக்கிறது.

அறிவிப்பை நம்பிப் பணம் கட்டியவர்களின் கதையும் உண்டு. 2017 நவம்பரில் டெஸ்லா இரண்டாம் தலைமுறை ரோட்ஸ்டரைக் காட்டியது. 60 மைல் வேகத்துக்கு 1.9 விநாடி, 620 மைல் தூரம், 2 லட்சம் டாலர், 2020-இல் தயார் என்றார்கள். 2020 கடந்து பல ஆண்டுகள் போயும் அது வாங்கியவர் கைக்கு வரவில்லை. இன்னமும் பல ஒப்பீட்டுப் பட்டியல்களில் அதன் எண்கள் மேலே இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஓட்டி அளக்காத எண்ணை அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி, எப்படி ஓட்டுவீர்கள் என்பதே. நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் என்றால் லூசிட் ஏருக்கு இணை இன்னும் வரவில்லை. வளைவுச் சாலையில் மணிக்கணக்கில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் கார் வேண்டும் என்றால் டைகான். குறைந்த பணத்தில் நேர்கோட்டு வேகம் என்றால் பிளெய்ட், சீனாவில் இருப்பவருக்கு எஸ்யூ7 அல்ட்ரா.

இவற்றில் எதுவுமே சிறிய, இலேசான, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். இரண்டு இருக்கையோடு வந்த எம்ஜி சைபர்ஸ்டர்கூட இரண்டு மோட்டாரோடு 2 டன்னை ஒட்டி நிற்கிறது. எடையைக் குறைப்பதே குலத்தொழிலாகக் கொண்ட லோட்டஸ், ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டுக்கு விற்கும் எவியாவிலும் 1,900 கிலோவை நெருங்கிவிட்டது. அதே லோட்டஸின் எலீஸ் காரை அடிப்படையாக வைத்து 2008-இல் செய்த முதல் ரோட்ஸ்டரின் எடை சுமார் 1,300 கிலோ. ஒரு சார்ஜில் 393 கிமீ ஓடியது. ஏறத்தாழ 2,450 கார்கள் செய்து 2012-இல் நிறுத்தினார்கள். அந்த எடையில் இன்னொரு மின்சார ஸ்போர்ட்ஸ் காரை எந்தப் பெரிய நிறுவனமும் அதன் பிறகு விற்கவில்லை.